வள்ளிக்குத் திருமணம், எனக்கு நகைக்கடன்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. எங்கள் வள்ளி திருமணம் நாடகத்துக்கு ஆன செலவு 1,64,000 ரூபாய். டிக்கெட்டில் வந்தது 41,000. நாடகத்துக்காக அச்சடித்த மலரில் வந்த விளம்பரங்களில் 48,000. குழுவில் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டாயிரம் போட்டதில் 20,000. ஆக வரவு 1,09,000. துண்டு விழுந்த 55,000 ரூபாய்க்காக என் வளையல்கள் இப்போது வங்கி லாக்கரில் அடகில் இருக்கின்றன. பட்டறையில் மெருகுக்குக் கொடுத்திருப்பதாக மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் மதுரையில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். கூட இருந்தவர்களும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள்தான். வள்ளியாக நடித்தவள் வங்கியில் கேஷியர். கோமாளியாக வரும் பபூன் மின்வாரியத்தில் இருக்கிறார். முருகன் எம்.எஸ்சி. படிக்கிற பையன். நாரதர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி. இசை நாடகங்கள் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்கி, அரங்கில், டிக்கெட் போட்டு நடத்துவது என்று முடிவு செய்தோம். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இந்த நாடகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. திருவிழா என்றால் ஊர் மந்தையில் விடிய விடிய நடக்கும், பாய் விரித்துப் படுத்துக்கொண்டே பார்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள். அப்படி ஓசியில் பார்த்ததை 200 ரூபாய் கொடுத்து உள்ளே வந்து ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் எங்கள் பணத்தில் பாதி கரைந்தது. பாடத் தெரிந்தவர்கள் கூடிவிட்டால் நாடகம் எப்படியும் உருவாகிவிடும். நாற்காலியை நிரப்புவது முற்றிலும் வேறு வேலை. அதற்குத் தனி ஆளும் தனிப் பணமும் முதல் நாளே ஒதுக்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே உரிமை விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் மறைந்தார், அதனால் அவருடைய வசனத்துக்கும் பாட்டுக்கும் நாங்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இன்றைக்கு மேடைகளில் நடக்கும் வள்ளி திருமணத்தில் பாதிக்குப் பாதி சினிமா மெட்டு கலந்திருக்கும். பபூன் வந்தாலே சினிமாப் பாட்டுதான். அமெச்சூர் குழு காசு வாங்காமல் நடத்தினால் அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. டிக்கெட் போட்டால் அந்த விலக்கு போய்விடும், பாட்டின் உரிமைதாரர்களிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அதனால் சினிமா மெட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விருத்தம், காவடிச் சிந்து, கிளிக்கண்ணி என்று பழையபடியே வைத்துக்கொண்டோம். பபூனுக்கு அதில் பெரிய வருத்தம். இரண்டு வாரம் என்னோடு பேச்சுவார்த்தை குறைவு.

அடுத்தது வாத்தியக்காரர்கள். மற்ற நாடகத்துக்கு முதலில் நடிகரைத் தேடலாம், இசை நாடகத்துக்கு முதலில் ஆர்மோனியக்காரரைத் தேடுங்கள். அவர்தான் சுருதி கொடுப்பார், பின்பாட்டுப் பாடுவார், நடிகர் வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பார், தாளம் தவறினால் இழுத்துப் பிடிப்பார். எங்களுக்குக் கிடைத்தவர் நாற்பது வருடமாக ஸ்பெஷல் நாடகத்துக்கு வாசிப்பவர். அவரிடம் போய், "ஐயா, ரிகர்சலுக்கு எத்தனை நாள் வர முடியும்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "ரிகர்சலா? எங்க ஆட்டத்துல அதெல்லாம் ஏது டீச்சர்? ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, மேடையில பார்த்துக்கிட்டாதான் இன்னைக்கு யாரு கூட ஆடுறோம்னே தெரியும்" என்றார். ராஜபார்ட் என்றால் நாயகன், ஸ்திரீபார்ட் என்றால் நாயகி. அவர் சொன்னது உண்மை. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகத்தான் ஒப்பந்தம் செய்வார்கள், ஒத்திகை என்பதே கிடையாது. கதையும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால் அவர்களுக்கு அது ஓடும். எங்களைப் போன்றவர்கள் அப்படி ஏறினால் பத்தாவது நிமிடமே நாறிவிடும்.

சம்பளம் பேசும்போது இங்கேதான் கவனம் வேண்டும். அவர்களுடைய கணக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்பது. ஒத்திகைக்கு ஒரு மாலை வந்தாலும் அவர்களுக்கு அன்றைய பிழைப்பு போகிறது, அதற்குப் பணம் கேட்பது நியாயம்தான். ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (மற்ற தாள வாத்தியங்களும் சத்தங்களும்), தாளம் என்று நால்வருக்கும் நாடகத்தன்று 20,000, ஒத்திகைகளுக்கு எல்லாம் சேர்த்து 16,000 கொடுத்தோம். ஒத்திகைப் பணத்தை நாங்கள் திட்டத்தில் எழுதவே இல்லை, அங்கேயே முதல் ஓட்டை. ஒரு யோசனை: எல்லா ஒத்திகைக்கும் நால்வரையும் கூப்பிடாதீர்கள். முதல் மாதம் முழுக்க ஆர்மோனியம் மட்டும் போதும், அதையும் அவரிடம் ஒருமுறை எல்லாப் பாட்டையும் வாசிக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டு அதை வைத்தே பாடிப் பழகலாம். மிருதங்கமும் ஆல்ரவுண்டும் கடைசி நான்கைந்து ஒத்திகைக்கு வந்தால் போதுமானது.

சுருதி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. இதில் எத்தனை குழுக்கள் விழுந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வள்ளிக்கும் வேலனுக்கும் தினைப்புனத்தில் நடக்கிற தர்க்கம்தான் நாடகத்தின் உயிர். அவள் ஒரு வரி, இவன் ஒரு வரி என்று பாட்டிலேயே சண்டை. கட்டை என்றால் பாடுகிற சுருதியின் அளவு. எங்கள் வள்ளிக்கு 5 கட்டை, முருகனுக்கு 1 கட்டை. அவளுடைய கட்டையில் அவன் பாடினால் கத்தல், அவனுடைய கட்டையில் அவள் பாடினால் முனகல். அந்தக் காலத்து ராஜபார்ட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிட்டப்பா போன்றவர்கள் உச்சஸ்தாயியில் பாடியே பேர் வாங்கியவர்கள், கே.பி. சுந்தராம்பாளோடு வள்ளி திருமணத்தில் சேர்ந்து நிற்க அந்தச் சாரீரம் இடம் கொடுத்தது. நான் இருவரையும் 3 கட்டைக்குக் கொண்டுவந்து பார்த்தேன், இருவருமே கஷ்டப்பட்டார்கள். ஆர்மோனியக்காரர் இரண்டு ஒத்திகை சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டீச்சர், அந்தப் பொண்ணோட மத்யமம் எங்க விழுது?" என்றார். சரிகமபதநியில் 'ச' ஷட்ஜமம், 'ம' மத்யமம், 'ப' பஞ்சமம். 5 கட்டைக்கு மத்யமம் 1 கட்டை. அவளுடைய மத்யமத்தையே அவனுக்கு ஷட்ஜமமாக வைத்துவிட்டார். அவனுடைய பஞ்சமம் அவளுடைய ஷட்ஜமம். சுருதிப் பெட்டியை மாற்றாமல் இருவரும் அவரவர் குரலில் பாடலாம். கர்நாடக சங்கீதத்தில் டிப்ளமா வாங்கிய எனக்கு இது தோன்றவில்லை, மந்தை மேடையில் வாசித்தவருக்குத் தோன்றியது. உங்கள் குழுவில் ஆண் பெண் ஜோடிப் பாட்டு இருந்தால் வேடம் கொடுப்பதற்கு முன்னாலேயே கட்டையைக் குறித்துவையுங்கள், ஒருவருடைய மத்யமமோ பஞ்சமமோ மற்றவருக்கு ஷட்ஜமமாக இப்படிப் பொருந்தி வருகிற ஜோடியாகத் தேடுங்கள். முகப்பொருத்தம் எல்லாம் மேக்கப்காரர் பார்த்துக்கொள்வார்.

விடியவிடிய நடப்பதை இரண்டரை மணிக்குச் சுருக்குவது நான் நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. பபூன் பகுதியில் இரட்டை அர்த்தத்தை எடுத்தாலே ஒன்றரை மணி நேரம் குறைந்துவிடுகிறது. நாரதரும் வள்ளியும் பேசுகிற தர்க்கத்தைத் தேர்ந்த நடிகர்கள் மேடையிலேயே வளர்ப்பார்கள், அதை எழுதி வாங்கி வரிக்கு வரி மனப்பாடம் செய்ய வைத்தேன். வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டிப் பாடுகிற ஆலோலப் பாட்டையும், முருகன் விருத்தனாக, அதாவது கிழவனாக, வருகிற காட்சியையும் தொடவில்லை. யானைக்கு இரண்டு பள்ளிப் பிள்ளைகளைத் துணிக்குள் விட்டோம்.

ஒத்திகைக்கு இடம் ஒரு பள்ளியின் மாடி வகுப்பறை, வாடகை இல்லை. டீ, பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்று 16,000 போனதைப் பிற்பாடு நோட்டைக் கூட்டியபோதுதான் பார்த்தேன். டீ வாங்கும் செலவை ஆளாளுக்கு மாற்றிவிடலாம், அல்லது ஒத்திகையை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடலாம். எட்டரை ஆனால் சாப்பாடு போட வேண்டிவரும்.

தேதி. ஸ்பெஷல் நாடக வாத்தியக்காரர்களைப் பங்குனி, சித்திரை, வைகாசியில் பிடிக்கவே முடியாது, திருவிழா காலம். சித்திரையில் மதுரையில் வேறு எந்த நிகழ்ச்சியையும் யோசிக்கவே வேண்டாம், அழகர் வருகிற ஊரில் உங்கள் நாடகத்துக்கு யார் வருவார்கள்? நாங்கள் புரட்டாசியைப் பிடித்தோம். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் அரங்கும் கிடைத்தது, சவுண்ட், லைட், மேக்கப் எல்லாரும் சும்மா இருந்தார்கள், வாடகையும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். இதை நான் தைரியமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் சனிக்கிழமை வேண்டாம். புரட்டாசிச் சனியில் பாட்டு கேட்கிற வயதில் இருக்கிற அத்தனை பேரும் பெருமாள் கோயில் வரிசையில் நிற்பார்கள். நவராத்திரி ஒன்பது நாளும் பெண்கள் வீட்டைவிட்டு வர மாட்டார்கள். மழையும் பார்க்க வேண்டும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு வைத்தோம். ஒன்பது மணிக்கு முடித்தால்தான் மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வருபவர்கள் பஸ் பிடிக்க முடியும். நோட்டீஸில் முடியும் நேரத்தையும் போடுங்கள். "எத்தனை மணிக்கு முடியும்?" என்றுதான் எல்லாரும் போனில் கேட்டார்கள், யார் வள்ளி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அனுமதி பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். வசனத்தைப் போலீஸிடம் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும் என்று ஒருவர் என்னை இரண்டு அலுவலகம் அலைய வைத்தார். 1954-ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தில் அப்படி இருந்தது, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. எங்கள் அரங்கத்தார் கேட்டது பக்கத்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம் கொடுத்ததன் நகல் மட்டும்தான். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டா என்ற பயமும் வேண்டாம், நாடகத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. அரங்க வாடகைக்கு மட்டும் 18 சதவீதம் சேரும், பேரம் பேசும்போது வரியோடு சேர்த்தா தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி விளம்பரம். எங்கள் பக்கத்தில் நாடக நோட்டீஸ் என்றால் ஒரு முறை உண்டு. ராஜபார்ட்டிலிருந்து தாளம் போடுபவர் வரை எல்லார் புகைப்படமும் பட்டப்பெயரோடு இருக்கும். நாங்களும் அப்படியே ஆர்ட் பேப்பரில் அடித்தோம். மலரோடு சேர்த்து 11,000. அந்த நோட்டீஸைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் அதில் படம் இருந்தவர்கள்தான். ஊருக்குத் தெரிந்த நடிகர் என்றால் முகத்துக்காகக் கூட்டம் வரும், எங்கள் முகத்துக்கு யார் வருவார்கள்? சுவரில் ஒட்டுவது சட்டப்படி குற்றம், ஃபிளெக்ஸ் வைக்க அனுமதி வேண்டும். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு அதில் கெடுபிடி அதிகம், வைக்காமல் இருப்பதுதான் மரியாதையும்கூட. கடைகளிலும் பாட்டு வகுப்புகளிலும் சொல்லி ஒட்டியது மட்டும்தான் நின்றது.

பலன் கொடுத்தது இரண்டு. ஒன்று, ஒத்திகையில் வள்ளி ஆலோலம் பாடியதை எங்கள் கல்லூரிப் பையன் போனில் எடுத்தான். ஒரு நிமிடம்கூட இல்லை. மேக்கப் இல்லை, சுடிதாரோடு நிற்கிறாள், பின்னால் கரும்பலகையில் யாரோ போட்ட வாய்ப்பாடு. அது வாட்ஸப்பில் எனக்கே வேறு ஊரிலிருந்து திரும்பி வந்தது. அதன் கீழே தேதி, இடம், டிக்கெட் கிடைக்கும் போன் எண் மூன்றையும் எழுதி அனுப்பியிருந்தால் இன்னும் பத்துப் பதினைந்து ஆயிரம் வந்திருக்கும். வீடியோவுக்குள்ளேயே அந்த மூன்றையும் எழுத்தில் போட்டுவிடுங்கள், கீழே எழுதுவதை அடுத்தவர் அனுப்பும்போது விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது, காலை நடைப்பயிற்சிக்கு வருபவர்கள். நானும் நாரதரும் விடியற்காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்து வாசலில் நின்றோம். அறுபது வயதைத் தாண்டியவர்கள், சின்ன வயதில் மந்தையில் பார்த்தவர்கள், இப்போது விடியவிடிய உட்கார முடியாதவர்கள். நாற்காலி, ஏ.சி., கழிப்பறை, ஒன்பது மணிக்கு முடிந்துவிடும் என்று சொன்னால் அங்கேயே டிக்கெட் வாங்கினார்கள். ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை இவர்களிடம்தான் இருந்தது, அதை நாங்கள் கடைசி வாரத்தில் கண்டுபிடித்தோம். நாளிதழ்களின் இன்றைய நிகழ்ச்சிகள் பகுதி இலவசம், மூன்று நாள் முன்னால் நாலு வரியில் எழுதிக் கொடுத்தால் போடுவார்கள். அதைப் பார்த்தும் சிலர் வந்தார்கள்.

டிக்கெட்டை நடிகர்களிடம் பிரித்துக் கொடுப்பது எல்லாக் குழுவும் செய்வது. ஆளுக்கு இருபது. வாங்கிக்கொள்ளும்போது எல்லாரும் உற்சாகம். கடைசியில் பாதிப்பேர் விற்காத டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டுத் தன் கையிலிருந்து பணத்தைக் கட்டினார்கள், அந்த நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. மின்வாரியத்துக்காரர் சம்பளத்தில் பிடித்தம் போகக் கையில் வருவது எனக்குத் தெரியும், அவர் இரண்டாயிரத்தை எண்ணி வைத்தபோது எனக்கு வாங்க மனமே வரவில்லை, வாங்காமலும் முடியவில்லை. கோட்டா வைக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் விற்காததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம், யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆன்லைனில் விற்றால் கமிஷன் போவது பெரிதில்லை, பணம் நாடகம் முடிந்து சில நாள் கழித்துத்தான் கணக்குக்கு வருகிறது. சவுண்ட்காரருக்கு அன்றிரவே கையில் கொடுக்க வேண்டும். இடைப்பட்ட அந்தச் சில நாளுக்கான பணத்தை யார் போடுவது என்று முடிவு செய்யுங்கள்.

பாஸ் விஷயத்தில் நான் இப்போது ரொம்பக் கறார். விளம்பரம் தந்தவர்கள், அரங்கத்தார், மற்ற சபாக்காரர்கள், தெரிந்த அதிகாரிகள் என்று 250 பாஸ் கொடுத்தோம். வந்தவர்கள் அறுபது பேர் இருக்கலாம். இலவசமாக வந்த சீட்டை மேசை டிராயரில் போட்டுவிடுவார்கள். மழை தூறினால் வர மாட்டார்கள். ஐந்நூறு பேர் உட்காரும் அரங்கில் முன் மூன்று வரிசை 'ரிசர்வ்' என்று துணி கட்டி வைத்திருந்தோம். காசு கொடுத்த வயதானவர்கள் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்க்க, முன்னால் வெறும் சோபாவைப் பார்த்து வள்ளி பாடினாள். பாஸ் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், தொடங்கப் பத்து நிமிடம் முன்புவரைதான் செல்லும் என்று அச்சடியுங்கள், அதற்கப்புறம் பின்னால் இருப்பவர்களை முன்னால் கூப்பிட்டுவிடுங்கள்.

மலரில் நடந்ததுதான் மனதுக்கு ரொம்பக் கசப்பு. விளம்பரம் தருவதாக வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டது 80,000 ரூபாய்க்கு மேல். அதை நம்பித்தான் லைட்டுக்கும் பின்திரைக்கும் சரி சொன்னோம். ஒரு ஜவுளிக்கடை முழுப்பக்கம் எடுத்தது, பின் அட்டை, வண்ணத்தில். அச்சாகிப் புத்தகம் கையில் போன பிறகு அடுத்த வாரம், ஆடிட்டர் வரட்டும், தீபாவளி முடியட்டும் என்று இழுத்துவிட்டு, இப்போது போனை எடுப்பதில்லை. போய் நின்றால் முதலாளி, "கலைக்குச் செய்யறதுல நமக்கு என்னம்மா கணக்கு, உட்காருங்க, காபி சாப்பிடுங்க" என்கிறார். காபி நன்றாகத்தான் இருக்கிறது. விளம்பர வாசகமும் காசோலையும் ஒன்றாக வந்தால் மட்டும் அச்சகத்துக்கு அனுப்புங்கள். பாதிப் பணமாவது கைக்கு வராத பக்கத்தை விடுங்கள், அந்த இடத்தில் பாட்டு வரிகளைப் போடலாம். எங்கள் துண்டில் பாதிக்கு மேல் இங்கே விழுந்ததுதான்.

நாடகத்துக்கு மூன்று நாள் முன்னால் முருகனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தினமும் முழுக் குரலில் ஒத்திகை பார்த்ததன் பலன். கடைசி வாரத்தில் பாதிக் குரலில், வரியும் நடையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். நான் அழுதேவிட்டேன். ஆர்மோனியக்காரர் அசரவில்லை. "அரைக் கட்டை இறக்கிடுவோம், அந்தப் பொண்ணுக்கும் அரை இறக்கினா பொருத்தம் அப்படியே நிக்கும், உச்சத்துக்கு நான் பின்பாட்டுல போய்க்கிறேன், தம்பி வாயை மட்டும் திறக்கட்டும்" என்றார். வள்ளி நாலரைக் கட்டைக்கு இறங்கினாள். சபையில் யாருக்கும் தெரியவில்லை.

அன்றைய தினம். அரங்கம் மதியம் இரண்டு மணியிலிருந்து எங்களுக்கு. சவுண்ட்காரர் நான்கரைக்கு வந்தார், காலையில் வேறு எங்கோ நிகழ்ச்சியாம். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிவிட்டு எல்லாம் ஓகே என்றார். வேடம் போடாமல் டெஸ்ட் செய்த காலர் மைக், வேடம் போட்டதும் வேறு ஜாதியாகிவிட்டது. வள்ளியின் பாசிமணி மைக்கில் மோதி ஒவ்வொரு அசைவுக்கும் கடகடவென்று சத்தம். வேர்வையில் வேலனின் மைக் நடுவில் செத்துப்போனது. எழுபது வயது மேக்கப்காரர்தான் ஓடிவந்து மைக்கைக் கழற்றி டோப்பாவுக்குள் நெற்றி ஓரமாகச் சொருகி ஊசி குத்தினார், அதற்குப் பிறகு தெளிவாகக் கேட்டது. சவுண்ட்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே, முழு வேடத்தில் இரண்டு பாட்டு பாடிப் பார்ப்போம், அதற்கு இருக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இடைவேளையில் எல்லா மைக்குக்கும் புது பேட்டரி போடுங்கள். வாத்தியக்காரர்களை மேடைக்குக் கீழே உட்கார வைக்க அரங்கத்தார் சொன்னார்கள், அழகாக இருக்குமாம். ஆர்மோனியக்காரர் மேடை ஓரத்தைவிட்டு நகர மறுத்துவிட்டார். நடிகர் கண்ணைப் பார்க்காமல் பின்பாட்டு பாட முடியாது என்றார். அவர் பிடிவாதம் பிடித்தது எவ்வளவு நல்லது என்று தர்க்கப் பாட்டில் தெரிந்தது. முருகன் ஒரு சரணத்தைத் தாண்டிக் குதித்துவிட்டான், அவர் ஒரே பார்வையில் புரிந்துகொண்டு கூடவே குதித்தார்.

சிறப்பு விருந்தினர் ஒருவரை அழைத்திருந்தோம். பெயர் வேண்டாம். ஆறரைக்கு வர வேண்டியவர் ஏழு பத்துக்கு வந்தார், வந்து இருபது நிமிடம் தன் இளமைக்காலத்தைப் பேசினார். நாடகம் முடிய மணி பத்தாகிவிட்டது. அரங்கத்தில் கூடுதல் நேரத்துக்குத் தனி வாடகை, அது போக வாட்ச்மேன், லைட் பையன்கள், பெருக்குபவர்கள் எல்லாருக்கும் தனித்தனியாக. அதைவிட வலித்தது, ஒன்பது மணிக்கு முடியும் என்று நான் வாக்குக் கொடுத்த பெரியவர்கள், வள்ளி கல்யாணத்தைப் பார்க்காமலே பஸ்ஸுக்கு எழுந்து போனது. விருந்தினர் வேண்டுமென்றால் முடிவில் மாலை போட்டு அனுப்புங்கள். திரை குறித்த நேரத்துக்கு ஏற வேண்டும், யார் வந்தாலும் வராவிட்டாலும்.

நாடகம் நன்றாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. யானைக்குள் இருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் நடந்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள், பின்வரிசையில் ஒரு பாட்டி ஆலோலத்தைக் கூடவே பாடினார். மறுநாள் பள்ளியில் முதல் பீரியடுக்குப் போய் நின்றேன், தொண்டையில் சத்தம் வரவில்லை. பிள்ளைகளை ராகப் பெயர் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. போன வாரம் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கோயில் கமிட்டிக்காரர் பேசினார். பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் நாடகம் வேண்டுமாம், வாத்தியக்காரர்களோடு சேர்த்து எவ்வளவு என்று கேட்டார். ஆர்மோனியக்காரரிடம் கேட்டுத் தொகையைச் சொன்னேன். "பேசிக்கலாம் டீச்சர், தேதியை மட்டும் குறிச்சு வைங்க" என்றார். பாதிப் பணம் முன்னால் வரட்டும், தேதியை அப்புறம் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மீதியை மேடை ஏறுவதற்கு முன்.